கண் திறக்காத சிலைகளைப் பார்க்கப் போனேன்

முதல் நாள் – வியாழன், அக்டோபர் 6, 2022

மியூனிக்கில் காலையில் வண்டி ஏறினால் மாலைக்குள் வெனிஸ். இன்ஸ்ப்ரூக் தாண்டி பிரென்னர் கணவாயில் வண்டி மெதுவாக ஏறும்போது பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னலை நோக்கிப் போனைத் தூக்கினார்கள். நான் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். மலை எங்கேயும் போய்விடாது, பசி அப்படியில்லை.

எதற்கு இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் ஊர் சுவாமிமலை. தாய்மாமா வார்ப்புப் பட்டறையில் நாற்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். எனக்கு உளி பிடிக்க வரவில்லை. கணினி என்னைப் பிடித்துக்கொண்டது. ஏப்ரலில் ஒரு செய்திப் படம் பார்த்தேன். பதினாறு அடி உயரத்தில் ஒரு கறுப்பினப் பெண்ணின் வெண்கலத் தலையும் மார்பும். இடுப்புக்குக் கீழே உடம்புக்குப் பதில் கவிழ்த்த பானை மாதிரி ஒரு குடில். வெனிஸ் பியனாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் அதற்குத் தங்கச் சிங்கம் விருது கிடைத்திருந்தது. செய்தவர் சிமோன் லீ, அமெரிக்கர். படத்தை மாமாவுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் குரல் பதிவு வந்தது: "ஏன் மாப்ளே, இன்னும் கண் திறக்கலையா இதுக்கு?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கு இருக்கிறது, உதடு இருக்கிறது. கண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பக்கம் சிலைக்குக் கடைசியாகச் செய்வது கண் திறப்பு. மற்ற வேலை எல்லாம் முடிந்த பிறகு, நாள் பார்த்து, ஊசி முனையில் கீறித் திறப்பார்கள். அதுவரைக்கும் அது உலோகம்தான். ஆக, மாமாவின் கணக்கில் இந்த அம்மா வேலையைப் பாதியில் விட்டுவிட்டு விருது வாங்கியிருக்கிறார். எனக்கு அது மனதில் முள் மாதிரி தைத்துக்கொண்டது. கண்காட்சி நவம்பர் 27 வரைதான். விடுப்புக் கிடைத்ததும் கிளம்பிவிட்டேன்.

இன்று மாலை நடந்த கூத்து: ஒரே வட்டப் பாதையில் எதிரெதிர்த் திசையில் இரண்டு படகுகள் போகின்றன. நான் தப்பான படகில் ஏறினேன். நகரத்தின் பின்பக்கமாகச் சுற்றி, செங்கல் மதிலும் ஊசி ஊசியான சைப்ரஸ் மரங்களுமாக நிற்கும் சான் மிக்கேலே இடுகாட்டுத் தீவைப் பார்த்துக்கொண்டே கஸ்தெல்லோ பகுதிக்கு வந்து சேர்ந்தேன். அறை சிறியது. படுக்கை இருக்கிறது, போதும்.

இரண்டாம் நாள் – வெள்ளி, அக்டோபர் 7

பத்து மணிக்குக் கதவு திறந்ததும் ஜார்தீனிக்குள் நுழைந்துவிட்டேன். ஜார்தீனி என்றால் தோட்டம். கண்காட்சியின் பழைய பாதி இங்கே, புதிய பாதி ஆர்சனாலே என்ற பழைய கப்பல் கட்டும் தளத்தில். 1895இல் தொடங்கிய கண்காட்சி இது. 1907இல் பெல்ஜியம் தனக்கென்று ஒரு கட்டடம் கட்டிக்கொண்டது. அதைப் பார்த்து மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாக வந்து கட்டிக்கொண்டன. இப்போது தோட்டத்துக்குள் 29 கட்டடங்கள். முன்னால் வந்தவர்களுக்கு நல்ல மனை. பிரிட்டன் மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பிரான்சும் ஜெர்மனியும் ஆளுக்கொரு பக்கம். ஓர் ஊரின் தெருக்களை வைத்தே யார் யாருக்கு எவ்வளவு நிலம் என்று சொல்லிவிடலாமே, அது மாதிரி. சொந்த வீட்டுக்காரர்கள், ஊருக்குள் எங்கேயோ வாடகைக்கு இடம் பிடித்தவர்கள், அதுவும் இல்லாதவர்கள். இந்தியா 2011இலும் 2019இலும் அரங்கம் அமைத்தது. இந்த ஆண்டு இல்லை.

அமெரிக்காவின் கட்டடம் 1930இல் கட்டியது. டெலானோ, ஆல்ட்ரிச் என்ற இரு கட்டடக் கலைஞர்களின் வேலை. செங்கல் சுவர், வெள்ளைத் தூண்கள், நடுவில் சின்னதாக ஒரு குவிமாடம். அமெரிக்க அதிபராக இருந்த ஜெஃபர்சனின் மாண்டிசெல்லோ மாளிகையைச் சுருக்கி வைத்த மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த மாளிகை அடிமைகளின் உழைப்பில் எழுந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். வேடிக்கை என்னவென்றால் இந்த அரங்கம் அமெரிக்க அரசுக்குச் சொந்தமில்லை. 1986இலிருந்து குகன்ஹைம் அறக்கட்டளையின் சொத்து. யார் காட்சி வைப்பது என்று வெளியுறவுத் துறை தேர்ந்தெடுக்கும். இந்த முறை பாஸ்டன் நகரின் சமகாலக் கலைக்கூடம் முன்மொழிந்து, சிமோன் லீக்குக் கிடைத்தது. அமெரிக்காவின் சார்பில் இங்கே தனியாகக் காட்சி வைக்கும் முதல் கறுப்பினப் பெண் அவர். சிகாகோவில் 1967இல் பிறந்தவர், பெற்றோர் ஜமைக்காக்காரர்கள்.

வளைவைத் திரும்பியதும் நான் தேடியது வெள்ளைத் தூண். கண்ணில் பட்டது கூரை வீடு.

நிஜமாகவே கூரை வீடு. குவிமாடத்தையும் செங்கல்லையும் மறைத்துத் தடித்தடியாகப் புல் வேய்ந்திருக்கிறார்கள். தூண்களுக்கு முன்னால் மரக்கம்புகள் ஊன்றியிருக்கின்றன. பக்கத்தில் போய் இறவாரத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கம் விழல் வேய்ந்த வீட்டில் ஓரத்தை அரிவாளால் சீராக நறுக்கிவிடுவார்கள். இங்கே நறுக்கவில்லை. நுனிகள் ஒன்றுக்கொன்று நீளம் குறைந்தும் கூடியும் தொங்குகின்றன, காற்றில் ஒன்றோடொன்று உரசிச் சரசரக்கின்றன. இத்தாலியப் பையன் ஒருவன், ஆறு வயது இருக்கும், எம்பி எம்பி ஒரு புல்லை உருவப் பார்த்தான். காவலாளி விரலை ஆட்டினார். நானும் தொட்டுப் பார்க்கலாம் என்றுதான் நின்றிருந்தேன். கையைப் பையில் போட்டுக்கொண்டேன்.

1931இல் பாரிஸில் காலனிக் கண்காட்சி என்று ஒன்று நடத்தினார்கள். பிரான்ஸ் தான் பிடித்துவைத்திருந்த நாடுகளை எல்லாம் வின்சென் காட்டுப் பகுதியில் குடிசை குடிசையாகக் கட்டிவைத்து, டிக்கெட் போட்டு மக்களுக்குக் காட்டியது. கேமரூன், டோகோ நாடுகளுக்கென்று அங்கே எழுப்பிய கூரைக் கட்டடத்தைத்தான் லீ இங்கே நினைவூட்டுகிறார். இரண்டு கட்டடங்களுக்கும் ஒரே ஒரு வருட இடைவெளி. ஒன்று எங்களுக்கு நாகரிகம் உண்டு என்று சொல்லக் கட்டியது; மற்றது அவர்களுக்கு இல்லை என்று காட்டக் கட்டியது. லீ அந்தக் கூரையைத் தூக்கி இந்த மாளிகையின் தலையில் கவிழ்த்துவிட்டார். காட்சிக்கு அவர் வைத்த பெயர் "இறையாண்மை". நாட்டின் சார்பாக நிற்க வரச் சொன்னார்கள். வந்தவர் முதல் வேலையாக நாட்டின் வீட்டு முகப்பை மூடிவிட்டார். எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

முற்றத்தில் 24 அடி வெண்கலம் ஒன்று நிற்கிறது. பெயர் "சாட்டலைட்". கினியாக் கடற்கரையில் வாழும் பாகா மக்களிடம் டிம்பா என்றொரு பெரிய மரச் சிரசணி உண்டு. பிள்ளை பெற்று வளர்த்த பெண்ணின் உருவம், தோளில் தாங்கி ஆடுவார்கள். அதன் உடம்பைத்தான் எடுத்திருக்கிறார். தலை இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு பெரிய தட்டு, டிஷ் ஆன்டெனா மாதிரி. கண் என்ன, இதற்கு முகமே இல்லை. மாமாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

உள்ளே போனால் முதல் அறையில் தண்ணீர். கறுப்பாக, அசையாமல், ஆழம் தெரியாத ஒரு குளம். அதில் ஒரு வெண்கலப் பெண் இடுப்பை வளைத்துக் குனிந்து கல்லில் துணி துவைக்கிறாள். "கடைசி ஆடை" என்று பெயர். ஜமைக்காவில் 1879இல் எடுத்த ஒரு புகைப்படம்தான் இதற்கு மூலம். ஆங்கிலேயர் ஆண்ட காலம். அங்கே போகத் தயங்கும் வெள்ளைக்காரப் பயணிகளிடம், பார், சுத்தமான தேசம், ஒழுங்கான வேலைக்காரர்கள் என்று சொல்லி விற்ற படம். நம் ஊரிலும் இதே வேலை நடந்தது. தலையில் குடம் வைத்த பெண், பால்காரர், வண்ணார் என்று வகை வகையாகப் பிடித்து அஞ்சலட்டை போட்டார்கள். அந்த அட்டைகளில் சாதிப் பெயர் இருக்கும், தொழிற்பெயர் இருக்கும், ஆள் பெயர் இருக்காது.

நான் அங்கே வெகு நேரம் நின்றேன். படத்தில் இருந்த பெண்ணை விலைக்கு வைத்திருந்தார்கள். இங்கே அதே குனிவு, ஆனால் அவர் நம்மை ஏறிட்டுக்கூடப் பார்ப்பதில்லை. வேலை இருக்கிறது அவருக்கு. தண்ணீரில் தெரியும் நிழல்தான் மேலே பார்க்கிறது. அறைக்குள் ஒருவர் தும்மியதும் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவு அமைதி.

இன்னோர் அறையில் வெள்ளைச் சுடுமண் பெண் ஒருவர். கண்ணாடி மாதிரி மெருகு. பெயர் "அநாமதேயம்". இதற்கும் ஒரு புகைப்படம்தான் மூலம், 1882இல் தென் கரோலினாவில் எடுத்தது. அந்த ஆண்டு எழுத்தாளர் ஆஸ்கர் ஒயில்டு அமெரிக்காவில் அழகியல் பேசிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். அவரைக் கேலி செய்வதற்காக ஒரு கறுப்பினப் பெண்ணை உட்காரவைத்து, பக்கத்தில் முகம் வைத்துச் செய்த ஒரு மண் ஜாடியை வைத்துப் படம் எடுத்தார்கள். அந்த வட்டாரத்தில் அடிமைகளாக இருந்த குயவர்கள் செய்த ஜாடி வகை அது. கேலிக்கு வைத்த ஜாடியை லீ தனியே எடுத்துப் பெரிதாகச் செய்து, உடம்பெல்லாம் சோழி ஒட்டி வைத்திருக்கிறார். ஒவ்வொரு சோழியும் தர்பூசணி அளவு. அளவு மட்டுமில்லை, நிஜமாகவே தர்பூசணியை அச்சாக வைத்துத்தான் அவர் சோழி செய்வாராம். சோழி என்றால் நமக்குத் தாயமும் சோதிடமும் ஞாபகம் வரும். மாலத்தீவில் அள்ளிய சோழியைக் கப்பல் கப்பலாக ஏற்றி மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய், அதைக் காசாகக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். நம் வீட்டுத் தாயக்கட்டத்தில் உருண்டதும் அதே கடலின் சோழியாகத்தான் இருக்கும்.

லீ பல வருடங்கள் மண்ணில்தான் வேலை செய்தார். மண்பாண்டம் கலையில்லை, கைவினை என்று கலையுலகம் ஓரம்கட்டி வைத்திருந்த காலம் அது. இந்தக் கலை, கைவினை வழக்கு எனக்குப் பழக்கம். மாமாவின் அடையாள அட்டையில் "கைவினைஞர்" என்றுதான் இருக்கிறது.

மற்ற அரங்குகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டன் அரங்கில் சோனியா பாய்ஸ்; அங்கேயும் இதுதான் முதல் முறையாக ஒரு கறுப்பினப் பெண், சிறந்த நாட்டு அரங்குக்கான தங்கச் சிங்கமும் அவருக்கே. ஜெர்மனி அரங்கில் மரியா ஐக்ஹார்ன் சுவரைச் சுரண்டி, தரையைத் தோண்டி, நாஜிகள் மாற்றிக் கட்டிய பகுதி எங்கே தொடங்குகிறது என்று காட்டியிருக்கிறார். நான் வரி கட்டும் நாடு என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. ரஷ்ய அரங்கம் பூட்டிக் கிடந்தது. உக்ரைன் போர் தொடங்கி மூன்றே நாளில் அதன் கலைஞர்களும் காட்சி அமைப்பாளரும் விலகிவிட்டார்கள். மைய மண்டபத்தில் நுழைந்ததும் காத்தரினா ஃப்ரிட்ஷ் செய்த பச்சை யானை, நிஜ அளவில். நெற்றிப் பட்டம் இல்லாத யானையைப் பார்க்க என்னவோ போல் இருந்தது. அந்த மண்டபத்திலேயே இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜியின் சணல் உருவங்களும் இருந்தன. முடிச்சு முடிச்சாகப் போட்டே தெய்வமா பூவா என்று சொல்ல முடியாதபடி எழுப்பியவை. அவர் 2015இலேயே காலமாகிவிட்டார். இந்தியாவுக்கு வீடில்லாத வருடத்தில் அவர் பொது வீட்டில் நிற்கிறார்.

இரவு மாமாவுக்குப் படங்களை அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"முன்னாடியே எடுத்துத் தள்ளியிருக்கியே, முதுகு எங்க?"

"முதுகா?"

"செஞ்சவன் கையை முதுகுலதான் பாக்கணும் மாப்ளே. முன்பக்கம் எல்லாரும் ஒழுங்காத்தான் செய்வான்."

திரும்பப் போகலாம் என்றால் டிக்கெட்டில் ஓர் இடத்துக்கு ஒரு தடவைதான் நுழைய முடியும். இன்னொரு 25 யூரோ கொடுக்க மனது வரவில்லை. நாளைக்கு ஆர்சனாலே இருக்கிறது, அங்கே ஏமாற மாட்டேன்.

மூன்றாம் நாள் – சனி, அக்டோபர் 8

ஆர்சனாலேயில் கயிறு திரித்த நெடிய கூடம் இருக்கிறது. செங்கல் தூண்கள் இரண்டு வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். அதன் வாசலிலேயே நிற்கிறாள் "பிரிக் ஹவுஸ்", ஏப்ரலில் நான் படத்தில் பார்த்த அதே சிலை. சுற்றுச் சுவரில் கியூபக் கலைஞர் பெல்கிஸ் அயோனின் கறுப்பு வெள்ளை அச்சுப் படங்கள். அதிலுள்ள உருவங்களுக்குக் கண் மட்டும்தான் உண்டு, வாய் கிடையாது. நடுவில் நிற்பவளுக்கு வாய் உண்டு, கண் கிடையாது. யார் யோசித்து வைத்தார்களோ, சபாஷ்.

இந்தச் சிலை முதலில் 2019இல் நியூயார்க்கில் ஹைலைன் பூங்காவில், சாலைக்கு மேலே நின்றது. உடம்புக்குப் பல வீடுகளை மாதிரியாக எடுத்திருக்கிறார். கேமரூன், சாட் பக்கம் மூஸ்கும் மக்கள் கட்டும் குவிந்த மண் வீடு, பெனின், டோகோ நாடுகளின் பத்தமலிபா மக்களின் மண் வீடு. கூடவே மிசிசிப்பியில் நாட்செஸ் ஊருக்குப் பக்கத்தில் ஓர் உணவகம். கறுப்பின வேலைக்காரப் பெண் ஒருத்தியின் உருவத்தில் கட்டியது, அவளுடைய பாவாடைக்குள் போய் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். 1940இலிருந்து இருக்கிறது. அந்தப் பாவாடையைத்தான் லீ இங்கே வாசலில்லாமல் மூடியிருக்கிறார். யாரும் உள்ளே போக முடியாது.

சரி, முதுகு. மூன்று சுற்றுச் சுற்றினேன். முழு அளவுக்குக் களிமண்ணில் செய்து, அச்செடுத்து, மெழுகு ஊற்றி, பிலடெல்ஃபியாவில் ஒரு வார்ப்பகத்தில் துண்டு துண்டாக வார்த்து ஒட்டியது. முறை நம் மெழுகு வார்ப்புதான். ஆனால் சுவாமிமலைச் சிலை உள்ளே கட்டியாக இருக்கும், இது கூடு. ஒட்டுப் போட்ட கோட்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பார்த்தேன். பின்தலையில் முடியை இழை இழையாக எண்ணிவிடலாம் போல இருக்கிறது. காதோரம் பின்னல் தொங்குகிறது, நுனியில் சோழி. பாவாடையின் மேடுகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன, களிமண்ணில் தேய்த்த கையின் தடம்கூட அப்படியே உலோகத்தில் இறங்கியிருக்கிறது. கோடு எதுவும் கிடைக்கவில்லை. முதுகை மட்டும் பதினொரு படம் எடுத்தேன். பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

அப்புறம் கண். கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போதுதான் ஒன்று உறைத்தது. கண் திறந்த பிறகு சிலை நம்மைப் பார்க்கிறது, நாம் கும்பிடுகிறோம். அதற்காகத்தான் திறக்கிறார்கள். இவளோ நம்மிடம் எதையும் வாங்கவும் வரவில்லை, கொடுக்கவும் வரவில்லை. அந்த அஞ்சலட்டைப் பெண்களை எல்லோரும் பார்த்துத் தீர்த்துவிட்டார்கள்; கேமராவைப் பார் என்று அவர்கள் கண்ணுக்கும் உத்தரவு போட்டார்கள். இவளிடம் அந்த உத்தரவு செல்லாது. லீ பெரும்பாலான உருவங்களுக்குக் கண் வைப்பதே இல்லை. பாதியில் விட்ட வேலை இல்லை, மாமா.

உள்ளே போகப் போக மூக்கு முதலில் கண்டுபிடித்த ஒரு வேலை: கொலம்பியாவின் டெல்சி மொரேலோஸ் நெஞ்சளவு உயரத்துக்கு மண்ணைக் கெட்டித்து, நடுவில் சந்து விட்டிருக்கிறார். மண்ணோடு வைக்கோல், மரவள்ளி மாவு, கோகோ, கிராம்பு, பட்டை. சந்துக்குள் நடந்தால் ஒரு பக்கம் மழைக்கால வயல், மறு பக்கம் பிரியாணிக் கடை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை போய்வந்தேன்.

உக்ரைன் அரங்கில் கார்கிவ் நகரத்து பாவ்லோ மக்கோவ். சுவரில் 78 வெண்கலப் புனல்கள் முக்கோணமாக. உச்சியில் ஒன்று, அடுத்த வரிசையில் இரண்டு, அப்படியே பன்னிரண்டு வரிசை. மேலே ஊற்றும் தண்ணீர் ஒவ்வொரு வரிசையிலும் பிரிந்து பிரிந்து, கீழே வரும்போது சொட்டுதான் மிச்சம். "களைப்பின் ஊற்று" என்று பெயர், 1990களிலேயே யோசித்தது. பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியதும் காட்சி அமைப்பாளர்களில் ஒருவரான மரியா லான்கோ இந்த 78 புனல்களையும் பெட்டிகளில் அடுக்கி, காரில் போட்டுக்கொண்டு கீவிலிருந்து புறப்பட்டுவிட்டார். நேற்று மாளிகையைக் கூரையால் மூடியவரைப் பார்த்தேன். இன்று நாட்டின் அரங்கம் முழுவதும் ஒரு காரின் பின்பக்கத்தில் அடங்கி வந்ததைப் பார்க்கிறேன். கீழ் வரிசைப் புனல் ஒன்றின் அடியில் நின்று எண்ணினேன். ஒரு சொட்டு விழுந்து அடுத்த சொட்டு விழுவதற்குள் எண்ணிக்கை தவறிவிட்டது.

நான்காம் நாள் – ஞாயிறு, அக்டோபர் 9

மதியம் வண்டி. காலையில் சான் சக்கரியா படகுத்துறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே சான் ஜோர்ஜோ மஜோரே தீவு. அங்கே போகும் படகுக்குக் கறுப்பினப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மஞ்சளும் நீலமுமாக உடைகள், தலைக்கட்டுகள், சிரிப்பு. எல்லாம் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி. விசாரித்தால், வெள்ளியிலிருந்தே அங்கே கூட்டம் நடக்கிறதாம். லீயின் காட்சியை ஒட்டி, கறுப்பினப் பெண் அறிஞர்களும் கலைஞர்களும் மூன்று நாள் கூடிப் பேசுகிறார்கள். ரஷீதா பம்ப்ரே என்பவர் ஏற்பாடு. ஹாரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண் அடிமைத்தனத்திலிருந்து தப்பி, நிமிர்ந்து உட்காரக்கூட முடியாத ஒரு பரணில் ஏழு வருடம் ஒளிந்திருந்தார்; 1861இல் அதை அவரே எழுதி வெளியிட்டார். அந்தப் பரண் அத்தியாயத்தின் தலைப்பைத்தான் கூட்டத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். நாட்டின் பெயரால் கிடைத்த ஓர் அரங்கத்தை வைத்து இவ்வளவு பேரை ஒரு தீவுக்கு வரவழைத்துவிட்டார் அந்த அம்மா. இது தெரிந்திருந்தால் இரண்டு நாள் முன்பே கேட்டுவைத்திருப்பேன். படகு நகரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன், காப்பி ஆறிவிட்டது.

வெரோனா தாண்டியதும் மாமாவிடமிருந்து குரல் பதிவு. பட்டறையில் அரம் போடும் சத்தம் பின்னால் கேட்டது.

"பதினோரு படமும் பாத்தேன். பதினாறு அடி, எத்தனை கிலோ?"

ரெண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் என்று தட்டி அனுப்பினேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிரென்னர் ஏறும்போது வந்தது.

"கூடா வார்த்ததுக்கே அவ்வளவா. கட்டியா ஊத்தியிருந்தா நம்ம தெருவுல உள்ள பித்தளை எல்லாம் பத்தாது. ஒட்டு தெரியலை மாப்ளே, நல்ல கை. கண்ணு விஷயம் நீ சொன்னது இருக்கட்டும். அந்தத் துணி துவைக்கிற பொண்ணு முதுகை எடுத்தியா இல்லையா?"